முதல் பாடம் மென்பொருள் அல்ல

ஒளியியல் பொறியியலின் முதல் பருவத்தில் கதிர்க் கணக்கைக் கையால் போடச் சொல்வது காலவிரயம், மாணவரை முதல் நாளே வடிவமைப்பு மென்பொருளின் முன் உட்கார வைத்தால் போதும் என்ற கருத்து பரவலாகச் செல்வாக்குப் பெற்றிருக்கிறது. பாடத்திட்டம் வகுப்பவர்கள் அதை முற்போக்கு என்கிறார்கள். வேலைக்கு ஆளெடுப்பவர்கள் அதை நடைமுறை அறிவு என்கிறார்கள். மாணவர்களோ கணக்கிலிருந்து கிடைத்த விடுதலை என்று அதை வரவேற்கிறார்கள். மூன்று தரப்புக்கும் பிடித்துப்போனதாலேயே அந்தக் கருத்தை யாரும் உரசிப் பார்ப்பதில்லை. உரசிப் பார்த்தால் அது நிற்காது.

எதிர்த்தரப்பை முதலில் அதன் முழு வலுவோடு சொல்லிவிட வேண்டும். 1840-இல் வியன்னாவில் யோசெஃப் பெட்ஸ்வால் தன் புகழ்பெற்ற உருவப்பட லென்ஸைக் கணக்கிட்டபோது, பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் துணையாகப் பீரங்கிப் படையிலிருந்து கணக்கில் தேர்ந்த வீரர்கள் அவரிடம் அனுப்பப்பட்டார்கள். மடக்கை அட்டவணையை வைத்துக்கொண்டு ஒரே ஒரு கதிரைச் சில பரப்புகளின் வழியே கொண்டுசெல்வது அவ்வளவு பெரிய உழைப்பு. அந்த உழைப்பைக் குறைக்கத்தான் அண்மை அச்சுக் கதிர்க் கணக்கும், 1850-களில் லூத்விக் ஃபான் சைடல் வகுத்த மூன்றாம் படிப் பிறழ்ச்சிக் கோட்பாடும் பயன்பட்டன. இரண்டுமே தோராயங்கள். இன்று ஒரு மடிக்கணினி, ஸ்நெல் விதியைத் தோராயமே இல்லாமல் பயன்படுத்தி, விநாடிக்கு லட்சக்கணக்கான கதிர்களைப் பின்தொடர்கிறது. துல்லியமானது இலவசமாகக் கிடைக்கும்போது தோராயத்தை ஏன் படிக்க வேண்டும்? கைப்பேசி கேமராவின் பிளாஸ்டிக் லென்ஸ்கள் கோளப் பரப்பே இல்லாதவை. அவற்றுக்கு 19-ஆம் நூற்றாண்டுக் கோட்பாடு எப்படிப் பொருந்தும்? நிறுவனங்கள் கேட்பது ஜீமாக்ஸ், கோட் வி போன்ற வடிவமைப்பு மென்பொருள்கள் தெரிந்த ஆள். பருவத்தில் இருக்கும் வகுப்பு நேரமோ மிகக் குறைவு. இதுதான் அவர்கள் வாதம்.

இந்த வாதத்தில் உள்ள தகவல்கள் எல்லாம் சரி. அவற்றிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. மென்பொருள் எடுத்துக்கொண்டது பெருக்கலையும் வகுத்தலையும். பெட்ஸ்வாலின் பங்கு அது அல்ல, அவருக்குத் துணைநின்ற வீரர்களின் பங்கு அது. எந்தக் கேள்வியைக் கேட்பது, தேடலை எங்கே தொடங்குவது, கிடைத்த விடையை எதைக் கொண்டு நம்புவது என்ற மூன்றும் அன்றும் பெட்ஸ்வாலின் வேலையாகவே இருந்தன, இன்றும் பொறியாளரின் வேலையாகவே இருக்கின்றன. முதல் பாடம் கற்பிக்க வேண்டியது இந்த மூன்றையும்தான். மென்பொருளிலிருந்து தொடங்கும் பாடம் இவற்றில் ஒன்றைக்கூடக் கற்பிப்பதில்லை என்பதற்கு என் மறுப்புகளை வரிசையாக வைக்கிறேன்.

1. மென்பொருள் தேடும், எங்கே தேட வேண்டும் என்று அதற்குத் தெரியாது. 10 லென்ஸ்கள் கொண்ட ஒரு தொகுதியில் 20 பரப்புகள் உண்டு. ஒவ்வொரு பரப்பின் வளைவுக்கும் வெறும் 10 மதிப்புகளைச் சோதிப்பதாக வைத்துக்கொண்டாலும், சோதிக்க வேண்டிய அமைப்புகளின் எண்ணிக்கை 1-க்குப் பின் 20 சுழியங்கள். விநாடிக்கு 10 லட்சம் அமைப்புகளைச் சோதிக்கும் கணினிக்கும் அதை முடிக்க 30 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே எந்த மென்பொருளும் எல்லாவற்றையும் தேடுவதில்லை. நாம் கொடுத்த தொடக்கப் புள்ளியிலிருந்து சரிவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து இறங்கி, அருகில் உள்ள பள்ளத்தில் நின்றுவிடுகிறது. பரந்து தேடும் நிரல்கள் இருக்கின்றன. அவையும் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் புள்ளிகளைத் தொட்டுப் பார்க்கின்றன. தொடக்கம் மோசமாக இருந்தால் முடிவும் மோசமாகத்தான் இருக்கும்.

நல்ல தொடக்கம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு 1893-இல் டென்னிஸ் டெய்லர் காப்புரிமை பெற்ற குக் டிரிப்ளெட் தெளிவான சான்று. படத்தளம் தட்டையாக இருக்க வேண்டுமானால், லென்ஸ்களின் திறன்களை அவற்றின் ஒளிவிலகல் எண்ணால் வகுத்துக் கூட்டிய பெட்ஸ்வால் தொகை சுழியத்தை ஒட்டி வர வேண்டும். ஒரே கண்ணாடியில் சம திறன் கொண்ட ஒரு குவிலென்ஸையும் ஒரு குழிலென்ஸையும் ஒட்டி வைத்தால் அந்தத் தொகை சுழியம். ஆனால் மொத்தத் திறனும் சுழியம். இரண்டையும் சற்றே பிரித்து வைத்தால், மொத்தத் திறன் ஒரு லென்ஸின் திறனின் வர்க்கத்தை இடைவெளியால் பெருக்கிய அளவாகிறது. பெட்ஸ்வால் தொகையோ இடைவெளியைப் பொருட்படுத்தாமல் சுழியமாகவே நிற்கிறது. இப்படிச் சமச்சீர் இல்லாமல் பிரித்ததால் வரும் உருத்திரிபையும் பக்கவாட்டு நிறப் பிழையையும் தவிர்க்க, டெய்லர் குவிலென்ஸை இரண்டாக்கி, குழிலென்ஸை நடுவில் வைத்தார். ஆறு வளைவுகள், இரண்டு இடைவெளிகள் என மாற்றத்தக்கவை 8. குவியத் தொலைவு, சைடலின் ஐந்து பிறழ்ச்சிகள், இரண்டு நிறப் பிழைகள் என நிறைவேற்ற வேண்டியவையும் 8. காகிதத்தில் சில வரிகளில் அடங்கும் இந்தச் சிந்தனை, எண்ணற்ற அமைப்புகளுக்கு நடுவே ஒரு சிறு வட்டத்தைக் காட்டி, "இங்கே தேடு" என்கிறது. இதைக் கற்காத மாணவர் யாரோ சேர்த்துவைத்த கோப்பிலிருந்து ஒரு தொடக்கத்தை எடுத்துக்கொள்வார். அது ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாததால், அது பொருந்தாத இடத்தையும் அவரால் அறிய முடியாது.

2. முடியாததை முடியாது என்று மென்பொருள் சொல்லாது. 1 மி.மீ. பக்கமுள்ள சதுர எல்.இ.டி. அரைக்கோளம் முழுவதும் ஒளி வீசுகிறது என்று கொள்வோம். 62.5 மைக்ரோமீட்டர் விட்டமும் 0.275 எண் துளையும் கொண்ட ஒளியிழைக்குள் அந்த ஒளியைச் செலுத்த வேண்டும். மென்பொருளை மட்டும் அறிந்த மாணவர் இரண்டு லென்ஸ்களை வைத்து உகப்பாக்கத் தொடங்குவார். பயன் இராது. மூன்றாவது லென்ஸைச் சேர்ப்பார், பிறகு ஆஸ்பியர் எனப்படும் கோளமல்லாத பரப்புகளின் குணகங்களைச் சேர்ப்பார். மென்பொருள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மேம்பட்ட எண்ணைக் காட்டி அவரை மேலே மேலே ஓட வைக்கும். இந்தச் சிக்கலின் விடை ஒரே பெருக்கலில் இருக்கிறது. ஒளி கடக்கும் பரப்பையும் அது விரியும் கோணத்தின் சைன் மதிப்பின் வர்க்கத்தையும் பெருக்கி வரும் அளவை எந்த லென்ஸாலும் குறைக்க முடியாது. இழையின் பரப்பு சுமார் 0.0031 சதுர மி.மீ.; அதை 0.275-இன் வர்க்கத்தால் பெருக்கினால் 0.00023. எல்.இ.டி.க்கு அதே அளவு 1. ஆக, எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸ் தொகுதியாக இருந்தாலும் ஏறத்தாழ 4300-இல் ஒரு பங்கு ஒளிக்கு மேல் உள்ளே போகாது. இது இயற்கையின் வரம்பு. வடிவமைப்பின் குறை அல்ல. சூரிய ஒளியைக் காற்றில் ஏறத்தாழ 46,000 மடங்குக்கு மேல் செறிவாக்க முடியாது என்பதும் இதே விதியின் இன்னொரு முகம். இந்த ஒரு வரிக் கணக்கை அறியாத பொறியாளர் வாரக்கணக்கில் செலவிட்டு, கடைசியில் தோல்விக்குக் காரணம் தன் திறமைக் குறைவு என்றோ மென்பொருளின் குறை என்றோ முடிவுகட்டுவார். இரண்டு முடிவும் பொய்.

3. அண்மை அச்சுக் கணக்கு பொய் என்பவர்கள், பிறழ்ச்சி என்றால் என்ன என்பதையே விளங்கிக்கொள்ளவில்லை. கோணத்தின் சைன் மதிப்புக்குப் பதிலாகக் கோணத்தையே எடுத்துக்கொள்வது அந்தக் கணக்கின் அடிப்படை. 10 பாகைக் கோணத்தில் இதனால் வரும் வேறுபாடு 0.5 விழுக்காடு, 30 பாகையில் 4.7 விழுக்காடு. ஆனால் இந்த வேறுபாடு கண்மூடித்தனமான பிழை அல்ல, அளந்து வைக்கப்பட்ட பிழை. 30 பாகையை ரேடியனில் எழுதி, அதன் கனத்தை 6-ஆல் வகுத்தால் 0.0239 வரும்; உண்மையான வேறுபாடு 0.0236. தோராயம் எவ்வளவு தவறும் என்பதை அதற்கு அடுத்த உறுப்பே சொல்லிவிடுகிறது. சைடலின் ஐந்து பிறழ்ச்சிகளும் அந்த அடுத்த உறுப்பிலிருந்துதான் பிறக்கின்றன. ஓர் உண்மைக் கதிர் விழ வேண்டிய இடத்துக்கும் விழுந்த இடத்துக்கும் உள்ள தூரமே பிறழ்ச்சி. விழ வேண்டிய இடம் எது என்று சொல்வது அண்மை அச்சுக் கணக்கு. மென்பொருளும் இதிலிருந்து தப்பவில்லை. திரையில் அது காட்டும் குவியத் தொலைவு, நுழைதுளையின் இடம், எஃப் எண் ஆகியவை பொதுவாக அண்மை அச்சுக் கதிர்களைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. எந்த அடித்தளத்தின் மேல் மென்பொருள் எழுப்பப்பட்டிருக்கிறதோ, அதை மாணவரிடமிருந்து மறைத்துவிட்டு, மேலே உள்ளதை அவர் புரிந்துகொள்வார் என்று எதிர்பார்ப்பது எந்தக் கற்பித்தல் முறையிலும் சேராது.

இந்தக் கோட்பாடு தரும் முன்னறியும் ஆற்றலை வேறெதுவும் முதல் பருவத்தில் தராது. துளையின் விட்டம் இரண்டு மடங்கானால் கோளப் பிறழ்ச்சியால் வரும் மங்கல் எட்டு மடங்காகும், கோமா என்ற பிறழ்ச்சி நான்கு மடங்காகும், உருத்திரிபு மாறாது. படத்தில் மங்கல் எட்டு மடங்கு கூடியதைக் காணும் மாணவர் எந்தப் பிறழ்ச்சி தன்னை வாட்டுகிறது என்று உடனே சொல்லிவிட முடியும். 1.5 ஒளிவிலகல் எண் கொண்ட தட்டைக்குவி லென்ஸின் வளைந்த பக்கத்தைத் தொலைவிலுள்ள பொருளை நோக்கி வைத்தால் வரும் கோளப் பிறழ்ச்சி, தட்டைப் பக்கத்தை அப்படி வைத்தால் வருவதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். லென்ஸைத் திருப்பிவைக்கச் செலவு எதுவுமில்லை. ஆய்வுமேசையின் முன் நிற்கும் ஒருவர் இதை அறிந்திருப்பதற்கும், அறியாமல் விலை உயர்ந்த லென்ஸுக்கு ஆணை கொடுப்பதற்கும் உள்ள தூரம், பொறியாளருக்கும் கருவியை வெறுமனே இயக்குபவருக்கும் உள்ள தூரம்.

4. தவறான கேள்விக்குச் சரியான விடை தருவதில் மென்பொருளை யாரும் மிஞ்ச முடியாது. உகப்பாக்கத்துக்கு நாம் கொடுப்பது ஒரு மெரிட் ஃபங்ஷன். எதை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று எண்களில் எழுதிய கட்டளை. கட்டளையில் இல்லாத எதையும் கணினி மதிக்காது. 0.55 மைக்ரோமீட்டர் பச்சை ஒளியில் எஃப் 2 லென்ஸின் கதிர்ப் புள்ளிகள் 0.3 மைக்ரோமீட்டருக்குள் குவிந்திருப்பதாகத் திரை காட்டலாம். வடிவியல் கதிருக்கு விளிம்பு விளைவு தெரியாது. அந்த விளைவால் ஒரு புள்ளி விரிந்து உண்டாகும் ஏரி வட்டுக்கு இந்த லென்ஸில் விட்டம் 2.7 மைக்ரோமீட்டர், அதைவிடச் சிறிய புள்ளியை அந்த லென்ஸ் எந்நாளும் தராது. 0.3-ஐ 0.2 ஆக்குவதற்காகச் சேர்த்த ஒவ்வொரு லென்ஸும் வீண்செலவு. ஏரி வட்டின் அளவைக் காணப் பெருக்க வேண்டியவை 2.44, அலைநீளம், எஃப் எண் என்ற மூன்றே எண்கள். அந்தப் பெருக்கலை முதலில் போட்டவர் எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்தவர்.

இதைவிட ஆபத்தான இன்னொரு நிலையும் உண்டு. ஒரு பரப்பு ஏற்படுத்தும் பெரிய பிறழ்ச்சியை அடுத்த பரப்பு ஏற்படுத்தும் அதே அளவு எதிர்ப் பிறழ்ச்சியால் அழிக்கும் அமைப்புகளைக் கணினி தயங்காமல் தேர்ந்தெடுக்கும். கூட்டுத்தொகை சிறியதாக இருப்பதால் திரையில் எல்லாம் அழகாகத் தெரியும். பட்டறையில் லென்ஸ் சில மைக்ரோமீட்டர் அச்சு விலகி அமர்ந்தாலே அந்தச் சமநிலை குலைந்துவிடும். ஒவ்வொரு பரப்பும் எவ்வளவு பிறழ்ச்சி சேர்க்கிறது என்ற சைடல் பட்டியலைப் படிக்கத் தெரிந்தவர் இந்த அபாயத்தை முன்பே காண்பார். மென்பொருளே அந்தப் பட்டியலைத் தருகிறது. ஆனால் கோட்பாடு கற்காதவருக்கு அது பொருளற்ற எண்களின் வரிசை. டாலரன்ஸ் பகுப்பாய்வை மென்பொருள் செய்யும் என்பது உண்மை. எந்த லென்ஸ் ஏன் அவ்வளவு நுட்பமாகப் பொருத்தப்பட வேண்டியிருக்கிறது என்பதை அந்தப் பகுப்பாய்வு விளக்காது. காரணம் தெரியாதவரால் அமைப்பை மாற்ற முடியாது. இன்னும் துல்லியமாகச் செய்யுங்கள் என்று பட்டறையை நெருக்கத்தான் முடியும்.

5. நுட்பமான கருவி ஒன்றை மட்டும் நம்புவதன் விலை என்ன என்பது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 1990 ஏப்ரல் 24 அன்று ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் முதன்மை ஆடி, விளிம்பில் சுமார் 2 மைக்ரோமீட்டர் அதிகமாகத் தேய்க்கப்பட்டிருந்தது. அதனால் வந்தது கோளப் பிறழ்ச்சி, பிறழ்ச்சிப் பாடத்தில் முதலில் வரும் பெயர். ஆடியைச் சோதித்த நல் கரெக்டர் என்ற கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்ததே காரணம் என்று லியூ ஆலன் தலைமையிலான குழு அதே ஆண்டு நவம்பரில் அறிக்கை தந்தது. அந்த அறிக்கையின் முக்கியமான செய்தி 1.3 மி.மீ. அல்ல. எளிமையான வேறு இரண்டு சோதனைகள் பிழையைக் காட்டியிருந்தன. முதன்மைக் கருவிதான் மிகத் துல்லியமானது என்ற நம்பிக்கையில் அந்தச் சான்றுகள் ஒதுக்கப்பட்டன என்பதுதான். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று திருத்தக் கருவிகளைப் பொருத்தும் வரை அந்தத் தவறு நீடித்தது. இதேபோல, 1989-இல் சிலியில் முதல் ஒளி கண்ட ஐரோப்பியர்களின் என்.டி.டி. தொலைநோக்கியின் ஆடியும் நல் கரெக்டரில் நேர்ந்த 1.8 மி.மீ. இடைவெளிப் பிழையால் கோளப் பிறழ்ச்சியோடு வந்தது. அந்த ஆடியின் வடிவத்தைப் பின்னிருந்து திருத்தும் அமைப்பு முன்பே திட்டமிடப்பட்டிருந்ததால் அது பிழைத்தது.

ஹப்பிளைச் செய்தவர்கள் பிறழ்ச்சிக் கோட்பாட்டில் தேர்ந்தவர்கள்தானே, பிறகு கோட்பாடு எங்கே காப்பாற்றியது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கோட்பாடு தெரிந்தால் தவறே நேராது என்று நான் வாதிடவில்லை. அங்கே இரண்டாவது வழி இருந்தது, அது எச்சரித்தது, எச்சரிக்கையை மதிக்காததுதான் குற்றம். மென்பொருளிலிருந்து தொடங்கும் பாடமோ இரண்டாவது வழியே இல்லாத பொறியாளரை உருவாக்குகிறது. தரவுப் பெட்டியில் ஒரு வளைவின் குறி மாறிவிட்டால், மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் செ.மீ. வந்துவிட்டால், அவரிடம் எச்சரிக்கை மணி அடிக்க எதுவும் இல்லை. அறிந்தும் புறக்கணித்தவர்களின் தவறு இவ்வளவு பெரிதாக முடிந்தது என்றால், அறியவே வாய்ப்பில்லாதவர்களை வகுப்பு வகுப்பாக அனுப்பிவைப்பது எங்கே கொண்டுபோய் விடும்?

6. ஆஸ்பியர் வந்ததால் பழைய விதிகள் காலாவதியாகிவிட்டன என்பது பரப்பைப் பார்த்து இயற்பியலை மறந்த பேச்சு. ஆஸ்பியர் குணகங்கள் கோளப் பிறழ்ச்சியையும் கோமாவையும் திருத்தும். அவை முதன்மை நிறப் பிழையைத் தொடுவதில்லை, பெட்ஸ்வால் தொகையைத் தொடுவதில்லை, இரண்டாம் மறுப்பில் சொன்ன ஒளி அளவின் வரம்பைத் தொடுவதில்லை. நிறப் பிரிகையைக் குறிக்கும் அபே எண் 64 கொண்ட கிரவுன் கண்ணாடியையும் 36 கொண்ட ஃபிளிண்ட் கண்ணாடியையும் இணைத்து 100 மி.மீ. குவியத் தொலைவுள்ள நிறப்பிழை நீங்கிய இரட்டை லென்ஸ் செய்ய, குவிலென்ஸின் குவியத் தொலைவு சுமார் 44 மி.மீ. ஆகவும் குழிலென்ஸினுடையது சுமார் 78 மி.மீ. ஆகவும் இருக்க வேண்டும். கைப்பேசி லென்ஸில் கண்ணாடிக்குப் பதில் இரண்டு வகை பிளாஸ்டிக் வருகிறது, சமன்பாடு அதேதான். அந்தச் சமன்பாட்டை அறிந்தவருக்கு, நிறத்தைத் திருத்த முனைந்தால் லென்ஸ்களின் வளைவு ஏன் இவ்வளவு கூடுகிறது என்பது தொடக்கத்திலேயே விளங்கும்.

7. நிறுவனங்கள் மென்பொருள் தெரிந்தவரைக் கேட்கின்றன என்பது முதல் பாடத்தை மாற்றுவதற்கான காரணம் அல்ல. மென்பொருளின் பட்டிகளும் பெட்டிகளும் பதிப்புக்குப் பதிப்பு மாறுகின்றன. கருத்துகள் தெரிந்தவர் அவற்றைச் சில வாரங்களில் பழகிவிடுவார். பட்டிகள் மட்டும் தெரிந்தவர் கருத்துகளைப் பணியிடத்தில் கற்க முடியாது, அங்கே அதற்கு நேரமும் ஆசிரியரும் இல்லை. நேரப் பற்றாக்குறை என்ற வாதமும் இதே இடத்தில் விழுகிறது. அண்மை அச்சுக் கதிரைப் பின்தொடர இரண்டே சமன்பாடுகள் போதும்: ஒன்று விலகலுக்கு, மற்றொன்று அடுத்த பரப்புக்குப் போவதற்கு. அவற்றோடு துளைத்தடுப்புகள், ஒளி அளவின் மாறிலி, நிறத் திருத்தம், மூன்றாம் படிப் பிறழ்ச்சிகள், விளிம்பு விளைவின் வரம்பு என்று ஆறு தலைப்புகள். பருவத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் இவை அடங்கும்.

மென்பொருளை வகுப்பிலிருந்து விரட்ட வேண்டும் என்று இந்தக் கட்டுரை கேட்கவில்லை. கதிர்க் கணக்கை நூறு முறை கையால் போட வைக்கும் பழைய தண்டனைப் பாடத்தையும் நான் ஆதரிக்கவில்லை. இரண்டு மூன்று பரப்புகளுக்குச் சில முறை போட்டால் போதும். கேட்பது வரிசையை. மாணவர் முதலில் காகிதத்தில் குவியத் தொலைவையும், படத்தின் இடத்தையும், ஏரி வட்டையும், எந்தப் பிறழ்ச்சி மேலோங்கும் என்பதையும் எழுதட்டும். பிறகு மென்பொருளைத் திறக்கட்டும். இரண்டு விடைகளும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன, விலகலுக்குக் காரணம் என்ன என்று ஒரு பக்கம் விளக்கட்டும். மதிப்பெண் அந்த விளக்கத்துக்குப் போகட்டும், திரையில் வந்த புள்ளியின் அழகுக்கு வேண்டாம். அப்படிப் படித்து வருபவர் மென்பொருளைப் பிறரைவிட நன்றாகவே கையாளுவார், ஏனெனில் அது தரும் ஒவ்வொரு எண்ணிடமும் அவரிடம் கேட்பதற்கு ஒரு கேள்வி இருக்கும். லென்ஸ் வடிவமைப்பில் கையெழுத்திடுபவர் மனிதர். மென்பொருள் எந்த வரைபடத்துக்கும் பொறுப்பேற்பதில்லை. பொறுப்பேற்கப் போகிறவருக்கு, தான் கையெழுத்திடுவதைத் தானே சரிபார்க்கும் ஆற்றலைத் தராத பாடத்திட்டம், எத்தனை உரிமங்களை வாங்கிக் குவித்தாலும், தன் கடமையைச் செய்யவில்லை.